நாணல் பக்கம்

நவம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டால் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் எழுதப்போகிறாய். ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

இந்தத் துறைமுகத்தில் இலைகூட உதிர்வதில்லை, நம்ம ஊர்க் குளிரைப் பற்றி விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். கேட்டுக்கொள். கொடியில் மறந்துபோன துண்டு விடிவதற்குள் பலகையாகிவிடுகிறது. நேற்று அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன், மத்தியானம் வரை அசையாமல் நின்றது. குழாய்க்கு ராத்திரி சாக்கு சுற்றிவிடுகிறேன். கொல்லை மரத்தில் குருவிகள் கழுத்து எது வயிறு எது என்று தெரியாமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உரசி உரசிச் சண்டை போடுகின்றன, ஆனால் ஒன்றும் விலகி உட்காருவதில்லை.

ஏரி இன்னும் உறையவில்லை. கரையோரம் மட்டும் மெல்லிய ஆடை கட்டியிருக்கிறது. அதன் மேல் சின்னக் கல்லை வீசினால் கீச்கீச்சென்று சத்தம் ஓடுகிறது, உனக்கு ஞாபகமிருக்கும். படகை நிறுத்திவிட்டார்கள். இனி நகரத்துக்குப் போக வேண்டியவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அரைநாள் நடக்கிறார்கள்.

வீட்டுக்காரர் உனக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. நீயும் அவருக்கு ஒரு வரி எழுதுவதில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால் பெட்டி, அதுவும் காலிப் பெட்டி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


டிசம்பர் 3

அன்புள்ள குருவிக்கு,

வெந்துகொண்டிருக்கிறேன், மற்றபடி சௌக்கியம். கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் இட்ட சட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிடுகிறது. உன் பலகைத் துண்டைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் காற்று வந்தது.

இனி நான் கேட்பதற்கு விளையாடாமல் பதில் எழுது. ஏரி முதலில் உறைந்ததா, அல்லது உறைவதற்குள் பனி கொட்டிவிட்டதா? இந்த வருஷம் குச்சி நட்டது யார்? நம் அப்பாவை வாங்கிக்கொண்ட ஏரி அது. அதற்குப் பிறகு நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிற வழிக்குக் குச்சி நட்டது நான்தான், ஒருத்தர் காலும் நனையவில்லை. இப்போது அந்த வேலை மாப்பிள்ளையிடம் இருக்கிறது. போன தடவை வந்தபோது அவர் நட்ட குச்சிகளைப் பார்த்து, "மாடு போன வழி மாதிரி இருக்கே"ன்னு நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது தப்பு. கோணல் கோணல்தான்.

தினமும் நகரத்துக்குப் போய்த் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஏரியைக் கடக்கிற மனுஷர் அவர். அவர் என்னோடு பேசாவிட்டால் போகட்டும். சாயங்காலம் உன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். அவர் ஏரியில் இறங்கிவிட்டாரா? உடனே எழுது.

அண்ணன்


டிசம்பர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், அடுப்பு உட்பட. சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு இதைப் படி.

ஏரி உறைந்துவிட்டது. முதலில் உறைந்தது, ஆனால் இரண்டு நாள்கூட ஆகவில்லை, முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிவிட்டது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. காலையில் நடு ஏரியில் ஒரு கோடு போட்டதுபோல ஆவி எழும்புகிறது. காக்கைகள் அங்கே போய்க் குனிந்து எதையோ குடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொள்கின்றன.

அழகு என்றால் விடிகிற நேரம்தான். மணிக்கூண்டும் ஆலைப் புகைபோக்கியும் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல ஒட்டி நிற்கின்றன. புகை சாய்ந்து வந்து கடிகாரத்தின் முகத்தை மூடிவிடுகிறது, மணி பார்க்க முடியாது. அப்போது காலுக்கு அடியில் டொம்மென்று ஒரு சத்தம் கிளம்பி, கரைவரை ஓடி அடங்கும். கொஞ்ச நேரம் மூச்சுவிட மறந்துபோகும்.

அவர் ஏரியில் இறங்கிவிட்டாரா என்று கேட்டாய். இல்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க இறங்கவும் மாட்டார். இது சத்தியம். குச்சி நட்டாயிற்று. நேராகவே இருக்கிறது, நீ வந்து நூல் பிடித்துப் பார்க்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


டிசம்பர் 29

குருவி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நம் வீட்டு ஜன்னலிலிருந்து மணிக்கூண்டு தெரியும். புகைபோக்கி தெரியாது, பள்ளிக்கூடக் கூரை மறைத்துக்கொள்ளும். கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியும், ஆனால் நடுவில் பாதி ஊர் இருக்கும். அவை இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏரி நடுவில்தான் நிற்க வேண்டும். டொம்மென்ற சத்தம் யார் காலுக்கு அடியில் கிளம்புகிறது? ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறவள் காலுக்கு அடியிலா?

அவர் இறங்கவில்லை என்று சத்தியம் செய்கிறாய். சரி, நம்புகிறேன். நீ இறங்குகிறாய். விடியற்காலையில், தினமும், ஆவி எழும்புகிற அந்தக் கோட்டைத் தாண்டி. காக்கை தண்ணீர் குடிக்கிறது என்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இது உனக்குத் தெரியாதா? உன்னை நான் என்ன அவ்வளவு மண்டாகவா வளர்த்தேன்?

எதற்காகப் போகிறாய்? அவருக்கு என்ன ஆயிற்று? ஒளிக்காமல் எழுது. இல்லையென்றால் ஒப்பந்தம் முடிகிறதோ இல்லையோ, அடுத்த கப்பலில் நான் அங்கே வந்து நிற்பேன்.

அண்ணன்


ஜனவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. உடம்பு சுகம்தானே?

நீ பிடித்துவிட்டாய். அக்டோபர் கடைசியில் அவர் ஓடு மாற்றக் கூரையில் ஏறி, விழுந்துவிட்டார். கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. வசந்தம் வரை ஊன்றக்கூடாது. விடுப்பு கேட்டால் மாற்றாள் போடுவார்கள், அப்புறம் அந்த மாற்றாளே நிரந்தரமாகிவிடுவார். தெற்குத்தெருத் தபால்காரருக்கு அப்படித்தான் வேலை போயிற்று.

அதனால் பையை நான் எடுத்துவருகிறேன். அவருடைய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷர். நான் உள்ளே நுழைந்ததும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். பை மேஜையில் இருக்கும். நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் திரும்புவார். இதுவரை அவர் என்னைப் பார்த்ததே இல்லை, புரிகிறதா? பாலத்தைச் சுற்றிவந்தால் பகலுக்குள் பட்டுவாடா முடியாது, புகார் வரும், யார் கொண்டுவருகிறார்கள் என்று கேள்வி வரும்.

உன் கடிதமும் அந்தப் பையில்தான் வந்தது. பொறுமையில்லாமல் ஏரி நடுவிலேயே நின்று பிரித்தேன். நீ திட்டின இடத்திலேயே நின்று உன் திட்டைப் படித்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் கடிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

பயமாக இருக்கிறது அண்ணா. அவரிடம் சொன்னால், "பையைப் போட்டுட்டு வீட்ல இரு, வேலை போனா போகட்டும்"னுவார். சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எந்தப் பக்கமாக நடந்தால் நல்லது? நீ சொன்னபடி செய்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 22

அன்புள்ள குருவிக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

போகாதே என்று எழுத ஆசை. எழுதினால் கேட்கமாட்டாய். ஆகவே கேட்கக்கூடியதைச் சொல்கிறேன். உறைந்ததுமே பனி மூடிவிட்டால் அது ஏரிக்குப் போர்வை போட்ட கணக்கு. குளிர் உள்ளே இறங்காது, பனிக்கட்டி தடிக்காது. நடு ஏரி இந்த வருஷம் முழுக்க நம்பக்கூடாது. குச்சிகளைப் பிடுங்கி நாணல் பக்கமாக நடு. அங்கே காற்று பனியைத் துடைத்துவிடும், கட்டி இரும்பாக இருக்கும். நாணலை ஒட்டியே நட. கொஞ்சம் சுற்றுதான், ஆனால் நான் குச்சி நட்ட காலத்தில் அந்தப் பக்கம் ஒரு விரிசல் பார்த்ததில்லை. அங்கே தைரியமாகக் கால் வை. நான் சொல்கிறேன்.

இது என் யோசனை என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே. சொன்னால் வேண்டுமென்றே வேண்டாமென்பார். "ஏரியை உங்க அண்ணனுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?"ன்னு கேட்பார், எனக்குத் தெரியாதா. உன் யோசனையாகவே இருக்கட்டும்.

மாற்றியதும் இரண்டு வரி எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீ தேறியிருப்பாய், கோபமும் ஆறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சுகம். உண்மையாகவே சுகம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நீ போன பிறகு நாணலுக்குப் பின்னால் ஒரு சலவை ஆலை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கிறார்கள். வெந்நீரை அப்படியே ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அந்த மூலையில் மட்டும் நாணல் அடியில் பச்சை விட்டிருக்கிறது. ஊரிலுள்ள வாத்தெல்லாம் அங்கே ஜலக்கிரீடை. குளிர் வந்ததும் தெற்கே கிளம்ப வேண்டிய பறவைகள்கூடப் பயணத்தை ரத்து செய்துவிட்டுத் தங்கிவிட்டன. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் சோப்பு மணக்கிறது. ஏரி இப்போதுதான் முதல்தடவையாகக் குளிக்கிறது என்று அவர் சொன்னார். விழுந்ததற்கு அப்புறம் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது, உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

எந்தப் பக்கம் நடப்பது என்று நீ எழுதும் வரை பழைய வழியிலேயே போகிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 6

குருவி,

நாணல் பக்கம் போகாதே. நாணல் பக்கம் போகாதே.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. சலவை ஆலை எனக்குத் தெரியாது. கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், பேனா இல்லை, பென்சில்தான். வெந்நீர் விழுகிற இடம் மட்டும் இல்லை, அது நாணல் நெடுக அடியிலேயே ஓடும். மேலே வெள்ளையாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது.

மதியம் உங்கள் தபால் ஆபீசுக்குப் போன் போட்டேன். பை எடுக்க வருகிற பெண்ணிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றேன். "பொண்ணா? அப்படி யாரும் இங்க வர்றதில்லையே. நீங்க யாரு, மேலாபீசா?"ன்னு கேட்டுப் போனை வைத்துவிட்டார் போஸ்ட்மாஸ்டர். மறுபடி போட்டேன், எடுக்கவே இல்லை. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவி மனுஷர்.

பாலத்தைச் சுற்றிப் போ. வேலை போனால் போகட்டும்.

அண்ணன்


பிப்ரவரி 19

குருவி,

உன் இரண்டு வரி வந்திருக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. தினமும் கப்பல் தபால் பிரிக்கிற இடத்தில் போய் நிற்கிறேன். "வந்தா குடுக்கமாட்டோமா?"ன்னு விரட்டுகிறார்கள்.

என் இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தை எந்த இடத்தில் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் போட்டாலும் பிடிக்கவில்லை. நீ என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நலமா என்று கேட்கிறேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். யாராவது பதில் எழுதுங்கள்.

அண்ணன்


பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நான் எழுதுவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பயமாகவும் இருக்கும். அவள் உயிரோடு இருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. இதை எழுதச் சொல்லிப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி காலை நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். பையோடு நாணல் ஓரமாக வந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் வெயில் கொஞ்சம் காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த இடத்தில் ஆள் இல்லை. என்னால் எழுந்து ஓட முடியவில்லை மச்சான். ஊன்றுகோலால் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கத்தினேன். பால்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேரும்வரை அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறாள். எண்ணெய்த்துணிப் பை, வாய் இறுகக் கட்டியிருந்ததால் காற்று போகவில்லை. "ஏன்டி பையை விடல?"ன்னு பிறகு கேட்டேன். "பை போனா உங்க வேலை போயிடுமே"ன்னாள்.

வேலை எப்படியும் போய்விட்டது. பாதித் தபால் நனைந்துவிட்டது, விசாரணை வந்தது, போஸ்ட்மாஸ்டருக்கும் மாற்றல். அதை விடுங்கள்.

நனைந்ததையெல்லாம் அடுப்படியில் காயப்போட்டோம். மையில் எழுதியவை கரைந்துவிட்டன. ஒன்று மட்டும் பென்சிலில் இருந்தது, உங்களுடையது. நாணல் பக்கம் போகாதே என்று இரண்டு தடவை எழுதியிருந்தீர்கள். அது அவள் முதுகிலேயே இருந்திருக்கிறது, பிரிக்கவில்லை. நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததை நான் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு பார்க்கவில்லை. குச்சிகளை ஏன் மாற்றினாய் என்று கேட்டால், தன் இஷ்டத்துக்கு மாற்றியதாகச் சொல்கிறாள்.

உங்களைப் பற்றி நான் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. மன்னித்துவிடுங்கள். வருகிற குளிர்காலம் குச்சி எங்கே நட வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். நீங்கள் சொல்கிற இடத்தில் நடுகிறேன். இந்தக் கரையில் இருக்கிற அத்தனை பேரும் அதில் நடப்பார்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று இந்த முறை எழுதவில்லை. வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை, எழுத்து கோணலாக இருக்கும். இருமல் இருக்கிறது. அவர் ஒரு காலில் நின்று சமைக்கிறார், அது தனி வியாதி.

நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்து. சலவை ஆலையைப் பற்றித்தான் எழுதிவிட்டோமே, அண்ணன் எல்லாம் தெரிந்துதான் நாணல் பக்கம் போகச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். வாத்துகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன் அண்ணா. இரண்டு கடிதமும் வழியில் குறுக்கே போயிருக்கும் என்று தோன்றவில்லை, தேதியைப் பார்க்கவில்லை. குச்சிகளை மாற்றி முடிக்கவே நாளாயிற்று, நீ கேட்ட இரண்டு வரியை எழுதுவதற்குள் விழுந்துவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

உன் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவருக்கு அது தெரியாது. உன் பென்சில் கடிதத்தை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் மச்சான் எழுதினது, பாருங்க"ன்னு எடுத்துக் காட்டுகிறார். அவர் வாயிலிருந்து மச்சான் என்று வந்து எத்தனை நாளாயிற்று! எனக்கு இது வேண்டும். ஏரியில் விழுந்து எடுத்தது என்று வைத்துக்கொள். ஒன்றும் சொல்லிக் கெடுத்துவிடாதே.

ஏரி உடைய ஆரம்பித்துவிட்டது. பகலெல்லாம் பெரிய பெரிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கண்ணாடி உடைகிற சத்தம். நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கால் ஊன்றுகிற அளவுக்கு வந்துவிட்டதா? தங்கையின் விரல்களை வெதுவெதுப்பான எண்ணெயில் நீவிவிடச் சொல்லி இங்கே கப்பல் டாக்டர் சொன்னார். இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்று ஆசையாகவும் இருந்தது, தங்கையும் அதைத்தான் கேட்கிறாள். அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் குச்சி எங்கே நடுவது என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

என்னைக் கேட்டு நடாதீர்கள். நான் ஊரை விட்டு வந்தபோது இருந்த ஏரி என் தலைக்குள் இருக்கிறது. நீங்கள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஏரி வேறு. கோணலாக நட்டாலும் நீங்களே பார்த்து நடுங்கள்.

அலமாரியில் இருப்பது நான் எழுதிய இரண்டாவது கடிதம். அதற்கு முன்னால் ஒன்று எழுதினேன். அதை அவள் எரித்துவிட்டாள், அதனால் அதிலிருந்ததை உங்களுக்காக மறுபடி எழுதுகிறேன். இந்த முறை பென்சிலிலேயே எழுதுகிறேன். வருகிறவர்களிடம் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

"குச்சிகளைப் பிடுங்கி நாணல் பக்கமாக நடு. அங்கே தைரியமாகக் கால் வை. நான் சொல்கிறேன்."

இதைப் படித்த பிறகும் உங்களுக்குச் சம்மதமென்றால்,

உங்கள் மச்சான்